பழைய டர்போ வேகன்: காம்பியா, மரினாவா, மான்டெகோவா?

சென்னையில் பழைய டர்போ ஸ்டேஷன் வேகன் (கூரை பின்கதவு வரை நீண்டு, சாமான் இடமும் உள்ளேயே இருக்கும் கார்) தேடுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் தேடுகிற எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: டர்போ போய்விட்டால் என்ன செய்வது? எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளிப் பலம் கூட்டும் கருவிதானே டர்போ, அதனால் நியாயமான கேள்விதான், ஆனால் முதலில் கேட்க வேண்டியது அது இல்லை என்பது என் உறுதியான எண்ணம். டர்போ போனால் இந்த ஊரில் சரிசெய்துவிடலாம். பின்கதவுக் கண்ணாடி உடைந்தால்தான் தலைவலி.

இந்தியாவில் விற்ற பழைய வேகன்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு செடானையோ சின்ன காரையோ நீட்டிச் செய்தவை. பானட்டிலிருந்து முன்கதவு வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்று. எஞ்சின், கியர்பாக்ஸ், டர்போ, ஹெட்லைட், டேஷ்போர்டு எதுவானாலும் அந்தச் செடானிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பின்சீட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் வேகனுக்கே உரியது: மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு, அதன் கண்ணாடி, பக்கவாட்டில் கடைசியாக இருக்கும் நீளமான கண்ணாடி, பின்விளக்குகள், கூரைக் கம்பிகள், சாமான்களை மறைக்கும் சுருள் திரை. வேகன் விற்றதே குறைவு, அதனால் புதுப்பேட்டையில் உடைப்புக்கு வரும் வண்டிகளில் ஒரு வேகன் கண்ணில் படுவது அபூர்வம். எனவே எந்த வேகனை வாங்குவது என்று யோசிப்பவர், எதன் பின்பாதிக்கு நாளைக்குப் பொருள் கிடைக்கும் என்றுதான் யோசிக்க வேண்டும்.

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடலாம். மாருதி பலேனோ ஆல்ட்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங் இரண்டும் அழகான வேகன்கள், ஆனால் டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிகள். டாடா எஸ்டேட் 1992-இல் வந்தது, கனமான சேசிஸ், 1948 சிசி டீசல், 68 குதிரைத்திறன். இன்றைக்கும் அதற்கு ஒரு கம்பீரம் உண்டு, ஆனால் டர்போ வேண்டும் என்பவருக்கு அது சரிவராது. வேறு எஞ்சினைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தபோது இருந்த அமைப்பை மாற்றுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. எஞ்சின் நம்பர் ஆர்சியில் இருப்பதோடு ஒத்துப்போகாத வண்டியை நாளைக்கு எஃப்சி (தகுதிச் சான்று) காட்டவும் முடியாது, விற்கவும் முடியாது.

வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய வால்வோ 850 டர்போ வேகனைக் கொண்டுவந்துவிடலாம் என்ற கனவு பலருக்கு இருக்கிறது. எனக்கும் அந்த வண்டியின் மேல் தீராத ஆசை உண்டு. ஆனால் பழைய கார் இறக்குமதிக்கு நம் நாட்டு விதிகள் ரொம்பவே கறார்: மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், அதற்கு மேல் காரின் விலையையே விழுங்கும் வரி. இருபது, முப்பது வருஷத்து வேகனுக்கு அந்த வழி அடைபட்டது என்று வைத்துக்கொண்டு, இங்கேயே விற்றவற்றைப் பார்ப்பதுதான் நல்லது.

மிஞ்சுவது மூன்று: ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, டாடா இண்டிகோ மரினா, சிபானி நிறுவனம் விற்ற மான்டெகோ எஸ்டேட். நான்காவதாக, வேகனே இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், காரணம் பின்னால்.

ஆக்டேவியா காம்பி

என் ஓட்டு இதற்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1.9 லிட்டர் டிடிஐ டர்போ டீசல், 90 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க். எண்ணாகப் பார்த்தால் இன்றைய சின்ன கார்களே இதைத் தாண்டிவிடும். ஆனால் குடும்பத்தோடு சாமான்களை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் போகும்போது, கியரை மாற்றாமல் அப்படியே இழுத்துக்கொண்டு போகும் அந்தச் சுபாவம் வேறு வண்டியில் சுலபத்தில் கிடைக்காது. பின்னால் 548 லிட்டர் இடம், சீட்டை மடக்கினால் 1,512 லிட்டர். ஒரு மடக்குக் கட்டிலையும் சைக்கிளையும் உள்ளே வைத்துக் கதவை மூடலாம்.

இந்த எஞ்சினில் எனக்குப் பிடித்த விஷயம், இதில் இருப்பது பாஷ் சுழல் பம்ப், எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிட்டு அனுப்பும் பழைய பாணி பம்ப். காமன் ரயிலும் (பொதுவான ஒரு குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலை வைத்திருக்கும் முறை) இல்லை, பின்னால் வந்த பம்ப் இன்ஜெக்டரும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பம்ப்) இல்லை. நல்ல டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்தால் பிரித்து, சீல் மாற்றி, அளவு வைத்துத் தந்துவிடுவார்கள். கவனிக்க வேண்டியது டைமிங் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட் போய்விடும். எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதன் உள் இறக்கை பிளாஸ்டிக்காக இருந்தால் உலோக இறக்கை உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள்.

பின்பாதிக்கு வருவோம். இந்தக் காம்பி ஐரோப்பாவில் ஏராளமாக ஓடிய வண்டி, முக்கியமாக இங்கிலாந்தில் வலப்பக்க ஸ்டியரிங்கோடே விற்றது. அடித்தளம் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபின் நான்காம் தலைமுறையோடு பொதுவானது. பின்விளக்கு, பூட் திரை, பின்கதவு வயரிங், ரப்பர் பீடிங் போன்ற சின்னச் சாமான்களை லண்டனில் இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாம், இல்லையென்றால் சுங்க வரி கட்டி கூரியரில் வரவழைக்கலாம். கண்ணாடியைப் பெட்டியில் கொண்டுவர முடியாது, ஆகவே கண்ணாடி எல்லாம் முழுசாக இருக்கும் வண்டியைத்தான் வாங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது பின்கதவைத் தூக்கி, கூரைக்கும் கதவுக்கும் நடுவே வளையும் ரப்பர் குழாயை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். உள்ளே ஓடும் வயர்கள் வருஷக்கணக்கில் மடங்கி மடங்கி உறை வெடித்துப்போயிருக்கும், சிலது அறுந்தே இருக்கும். பின்வைப்பர் ஓடவில்லை, கண்ணாடிப் பனியை நீக்கும் டிஃபாகர் வேலை செய்யவில்லை, பூட்டு திறக்கவில்லை என்று ஓனர் சொல்லும் மூன்று புகாருக்கும் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு சாண் வயர்தான். சால்டரிங் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை, ஆனால் விலை பேச நல்ல பிடிமானம். கதவைத் தூக்கி நிறுத்தும் கேஸ் கம்பிகள் வலுவிழந்திருந்தால் கவலையே வேண்டாம், அவை எங்கேயும் கிடைக்கும்.

இண்டிகோ மரினா

2004-இல் வந்தது. இண்டிகாவின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 1405 சிசி டர்போ டீசல், 62 குதிரைத்திறன். பின்னால் டைகோர் என்ற காமன் ரயில் எஞ்சினும் வந்தது, அது 70 குதிரைத்திறன். இந்த எஞ்சினைத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் கிடையாது, ஏனென்றால் ஒரு காலத்தில் நம் ஊர் கால் டாக்சிகளில் பாதி இண்டிகா, மீதியில் கணிசம் இண்டிகோ. ராத்திரி பத்து மணிக்கு மேல்மருவத்தூரில் நின்றுவிட்டால்கூட, காலையில் பக்கத்து ஒர்க்ஷாப்பில் திறந்து பார்க்க ஒருவர் இருப்பார். இந்த நிம்மதியை மட்டமாக எடை போடக் கூடாது. வீட்டில் அப்பாவோ மாமாவோ தினமும் எடுத்துப் போகப்போகும் வண்டி என்றால் மரினாதான் சரி.

புதுப்பிக்கிற எண்ணம் இருந்தால் டைகோரைவிடப் பழைய டர்போ எஞ்சினையே தேடுங்கள். காமன் ரயில் இன்ஜெக்டர்களும் சென்சார்களும் பழசாகும்போது செலவு எந்த மூலையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது, பழைய எஞ்சினில் பம்ப், நாசில், ஹீட்டர் பிளக் இவ்வளவுதான் விஷயம்.

குறை என்று பார்த்தால், ஓட்டும்போது டர்போ வண்டி என்ற சந்தோஷம் குறைவு. ஏசி போட்டுக்கொண்டு நான்கு பேரோடு கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது அது தெரிந்துவிடும். இன்னொன்று, பல மரினாக்கள் கடையில் லோடு அடித்து, பிறகு எங்கேயோ வெயிலில் நின்று ஓய்ந்தவை. முன்பாதிக்கு எதுவும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பின்கதவும் பின்விளக்கும் இண்டிகோவிலிருந்தோ இண்டிகாவிலிருந்தோ ஒத்துவராது, வெளிநாட்டு வழியும் காம்பி அளவுக்கு இல்லை. அடிமாட்டு விலைக்கு ஓடாத மரினா இன்னொன்று கிடைத்தால், நிறுத்தி வைக்க இடமும் இருந்தால், சேர்த்தே வாங்கிப் பின்பாதியைக் கழற்றி வைத்துக்கொள்வதுதான் நான் சொல்லும் வழி. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே ஒரு பார்க்கிங் வைத்திருப்பவருக்கு இது நடக்காது.

மான்டெகோ எஸ்டேட்

பெங்களூரு சிபானி நிறுவனம் 1990களின் நடுவில் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்திடமிருந்து பாகங்களை வாங்கிப் பூட்டி விற்ற வண்டி. 2 லிட்டர் பெர்க்கின்ஸ் டர்போ டீசல். விற்றது மிகச் சொற்பம், எஸ்டேட் அதிலும் சொற்பம். ஒன்று கண்ணில் பட்டாலே மனசு துள்ளும், அது எனக்கும் தெரியும். இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: இந்த பெர்க்கின்ஸ் பிரைமா எஞ்சின் படகுகளிலும் போடப்பட்டது, அதனால் இங்கிலாந்தில் படகு எஞ்சின் சாமான் விற்பவர்களிடம் கேஸ்கெட், வாட்டர் பம்ப் வகையறாக்களைத் தேடலாம். ஆக எஞ்சினைக் காப்பாற்றிவிடலாம். பாடியைத்தான் என்ன செய்வது? இந்த மாடல் இங்கிலாந்திலேயே துருவுக்குப் பேர்போனது, அங்கேயே தேடிப் பிடிக்க வேண்டிய நிலையில் இருக்கிறது. முழுசாக, எல்லாக் கண்ணாடியோடும், உயிருள்ள ஆர்சியோடும் கிடைத்தால், வீட்டில் வேறொரு கார் ஓட்டத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பாதி கழற்றிய வண்டியை யாராவது பாசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வேகன் இல்லாத நான்காவது

ஆக்டேவியா ஆர்எஸ், 2004-இல் இந்தியாவுக்கு வந்தது. 1.8 டர்போ பெட்ரோல், இங்கே 150 குதிரைத்திறனோடு விற்றார்கள். பார்க்கச் செடான் மாதிரி இருந்தாலும் பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு முழுசாகத் திறக்கும், உள்ளே 528 லிட்டர், காம்பியைவிட இருபதே லிட்டர் குறைவு. டர்போவின் உதைதான் வேண்டும், வேகன் என்ற உருவம் அவ்வளவு முக்கியமில்லை என்பவர் காம்பிக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பதைவிட இதை வாங்கிவிடலாம், பின்பக்கச் சாமானும் சாதாரண ஆக்டேவியாவிலிருந்து நிறையவே எடுக்கலாம்.

ஆனால் பெட்ரோல் என்பதில் இப்போது ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பழைய ரப்பர் ஹோஸ், சீல், பம்ப் எல்லாம் மெல்ல மெல்ல இளகும். எத்தனால் தாங்கும் ஹோஸ்களைத் தொடக்கத்திலேயே மாற்றிவிட வேண்டும், வண்டியைப் பல வாரம் அசையாமல் நிறுத்தி வைக்கவும் கூடாது. பழைய டீசல் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டர்போ

இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டதற்குக் காரணம், சென்னையில் இது தீர்க்கக்கூடிய விஷயம். இந்த ஊரைத் தலைமையிடமாக வைத்து டர்போ எனர்ஜி நிறுவனம் 1980களிலிருந்து டர்போசார்ஜர் தயாரித்து வருகிறது, லாரி, பஸ், டிராக்டர் டர்போக்களைப் பிரித்துப் பூட்டும் கைகள் அம்பத்தூர், பாடிப் பக்கம் நிறையவே இருக்கின்றன. தேய்ந்த டர்போவுக்குள் இருக்கும் தண்டு, பேரிங், இறக்கைகள் அடங்கிய கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், முழு டர்போ வாங்கத் தேவையில்லை. மாற்றிய பிறகு பேலன்ஸ் பார்க்கும் மெஷின் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அது, ஒரு பக்கம் துளி எடை கூடினாலும் சீக்கிரமே பேரிங்கைத் தின்றுவிடும்.

வாங்குவதற்கு முன் சோதிக்க, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, இறக்கையின் நடுவில் இருக்கும் நட்டை இரண்டு விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு, ஏனென்றால் அந்தத் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, ஆயில் அழுத்தம் இல்லாதபோது அந்த இடைவெளி கைக்குத் தெரியும். முன்னும் பின்னும் இழுபட்டாலோ, இறக்கையின் நுனி உட்சுவரில் உரசிய கீறல் இருந்தாலோ டர்போ முடிந்தது. டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் விரலில் ஒட்டும் அளவு ஆயில் இருக்கும், பரவாயில்லை, சாய்த்தால் ஒழுகும் அளவு இருந்தால்தான் பிரச்சினை. டர்போ ஏன் போனது என்றும் பாருங்கள். பெரும்பாலும் நல்ல ஓட்டத்திலிருந்து வந்து உடனே ஆஃப் செய்து செய்து, உள்ளே தேங்கிய ஆயில் கருகி, ஆயில் கொண்டு வரும் ஒல்லிக் குழாய் அடைத்திருக்கும். அந்தக் குழாயை மாற்றாமல் கார்ட்ரிட்ஜ் மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும்.

ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் கூலன்ட் இருந்தால் வண்டியை யாரோ அக்கறையாக வைத்திருந்தார்கள். செங்காவி நிறத்தில் இருந்தால் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், ஹெட்டிலும் ஹீட்டரிலும் உப்பு படிந்திருக்கும். வெயில் காலத்தில் டிராஃபிக்கில் நிற்கும் டர்போ வண்டிக்கு இதைவிடக் கெட்டது எதுவும் இல்லை.

எந்த ஊர் வண்டி?

எந்த மாடல் என்பதைப் போலவே இதுவும் முக்கியம். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் கார்களுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது, அதனால் அங்கே நல்ல வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் என்ஓசி வாங்கி, இங்கே கொண்டுவந்து, ஆயுள் வரி கட்டி, தமிழ்நாட்டு நம்பர் வாங்குவதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும், அலைச்சல் தனி. சென்னை வண்டியில் பேப்பர் சுலபம், ஆனால் பெசன்ட் நகர், நீலாங்கரை போன்ற கடலோர வீடுகளில் வெளியே நின்ற வண்டி என்றால் அடிப்பகுதியைக் கட்டாயம் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் தண்ணீர் நின்ற கறை தெரியும், ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கும். என்னைக் கேட்டால் கோவை, ஈரோடு, சேலம் வண்டிகளைத் தேடுங்கள். உப்புக்காற்று இல்லை, மாநிலம் மாறவில்லை, காம்பி மாதிரி வண்டியை ஆசையாக வைத்திருந்த தொழிலதிபர்கள் அந்தப் பக்கம் உண்டு.

ஆர்சியின் காலாவதித் தேதியை வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 2025 ஆகஸ்ட்டில் இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனியாக உண்டு. விண்டேஜ் என்று சலுகை கேட்கவும் வழியில்லை, அதற்கு ஐம்பது வயசு ஆக வேண்டும்.

ஆக முடிவு: மேற்கு மாவட்டத்து காம்பி, பின்பாதியில் எதுவும் குறையாமல், ஆர்சி உயிரோடு கிடைத்தால், டர்போ புகை விட்டாலும் பேரம் பேசி வாங்கிவிடுங்கள். தினசரி ஓட்டமும் குறைந்த செலவும்தான் முக்கியமென்றால் மரினா. மான்டெகோ, இடமும் நேரமும் இன்னொரு காரும் வைத்திருப்பவருக்கு.

வாங்கும் விலைக்கு நிகரான ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முதலில் டைமிங் பெல்ட், கூலிங், பிரேக், டயர். அடுத்து துருவை வெட்டி எடுத்துத் தகடு வைப்பது, பட்டி பூசி மறைக்கும் டிங்கரிங் வேண்டாம். அதற்குப் பிறகு டர்போவும் ஹோஸ்களும், அப்புறம் சஸ்பென்ஷன் புஷ்கள். பெயிண்ட் அடிக்கத்தான் எல்லோருக்கும் அவசரம், அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கூரைக் கம்பியின் போல்ட் வழியாகவும் பின்வைப்பருக்குப் போகும் குழாய் வழியாகவும் தண்ணீர் இறங்கும் இடம் வேகனுக்கு வேகன் வேறுபடும், ஐப்பசி மழையில் ஒரு முறை நனையவிட்டு, பின்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் அது தெரியும். ஒழுகும் இடத்தை அடைத்துவிட்டு, தை பிறந்து வெயில் ஏறியதும் பெயிண்ட் பூத்தில் விடுங்கள்.